வெட்டப்பட்ட அட்டை

இரவு எட்டரை மணி. எங்கள் தெருமுனை மெடிக்கலில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். விரலிடுக்கில் சிமெண்டு காய்ந்திருந்தது. கழுத்தில் துண்டு. இருமிவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, சளி, காய்ச்சல். ஒரு செட்டு குடுங்க."

"எத்தனை நாளா?"

"நேத்துலேர்ந்து."

கடைக்காரர் மூன்று டப்பாக்களைத் திறந்து மூன்று அட்டைகளை எடுத்தார். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று. மூன்றாவது ஆன்டிபயாட்டிக். "இது மட்டும் அஞ்சு நாளைக்குப் போடணும்ப்பா" என்றார்.

"ரெண்டு வேளைக்குப் போதும்ணே. நாளைக்குக் காங்கிரீட் இருக்கு. காலையில எந்திரிச்சுப் போயிட்டாப் போதும்."

கத்தரி அட்டையின் மேல் இறங்கியது. அந்தக் கத்தரியின் முனை மடங்கியிருந்தது. வெட்டிய ஓரம் பிசிறடித்து நின்றது. அட்டையின் ஓரமாக நெடுகப் போகும் சிவப்புக் கோடு இரண்டானது. டாக்டர் சீட்டு இல்லாமல் இதை வாங்காதீர்கள் என்பதற்கு அடையாளமான கோடு அது. 2016-ல் மத்திய அரசு அதைப் பற்றி ஊரெங்கும் விளம்பரம் செய்தது. மருந்தின் பெயரில் பாதி இந்தத் துண்டோடு போயிற்று, பாதி கடையிலேயே தங்கிவிட்டது. காலாவதி தேதியும் கடையில் தங்கிய துண்டில்தான் இருந்தது. ஆறு மாத்திரைகளைச் சின்னக் காகித உறையில் போட்டு வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அவருக்கு வந்தது பெரும்பாலும் வைரஸ் சளியாகத்தான் இருக்கும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. மூன்று நாளில் தானாக விட்டுப் போகும் காய்ச்சல், மாத்திரை போட்டதால் விட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். அடுத்த முறையும் அதே செட்டைக் கேட்பார்.

இவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஓபி நடக்கும் காலை நேரம் முழுக்க இவர் சாரத்தின் மேல் நிற்க வேண்டியவர். தனியார் கிளினிக்குக்குப் போனால் பீஸ், ரத்தப் பரிசோதனை, மருந்து என்று ஒரு நாள் கூலி கரைந்துவிடும். படுத்தால் அந்த நாளின் கூலியும் கிடையாது. கிடைக்காத ஒரு நாள் லீவுக்குப் பதிலாகத்தான் அந்த ஆறு மாத்திரைகளை அவர் வாங்கினார். ஆன்டிபயாட்டிக் நம்மிடையே பல சமயம் இப்படி வேறொன்றின் இடத்தை நிரப்பத்தான் கைமாறுகிறது. எதன் இடத்தை என்று நான் யோசிக்கத் தொடங்கியது ஓர் ஐசியூ வாசலில்.

சித்தப்பாவுக்கு 74 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, பிளேட் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்றார். நான்காம் நாள் மூச்சு வாங்கியது. ஐந்தாம் நாள் வென்டிலேட்டர் வைத்தார்கள். அதற்குப் பிறகு எலும்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. தொண்டையில் செருகிய குழாயிலிருந்து எடுத்த சளியில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தது. கீழே வரிசையாக மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு மசியும். ஆர் என்றால் மசியாது. விரலை வைத்து மேலிருந்து இறங்கினேன். ஆர், ஆர், ஆர். மெரோபெனம் என்ற வரியில் விரல் நின்றது. மூன்று நான்கு நாட்களாக அந்தப் பெயர் எழுதிய சீட்டோடு கீழ்த்தள பார்மசிக்கும் மூன்றாம் மாடிக்குமாக ஓடிக்கொண்டிருந்தவன் நான். அதற்கு எதிரேயும் ஆர். பட்டியலின் கடைசியில் கொலிஸ்டின். அதற்கு மட்டும் ஆர் போட்டிருக்கவில்லை.

"கொலிஸ்டின் ஆரம்பிச்சிருக்கோம் சார்" என்றார் இளம் டாக்டர். "பழைய மருந்து. கிட்னியைப் பாதிக்கலாம். பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கணும்."

கிட்னியைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஏறக்குறைய ஒதுக்கி வைக்கப்பட்ட மருந்து அது. அதற்குப் பின் வந்த நல்ல மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டதால், ஒதுக்கிய மருந்தைத் திரும்பவும் கையில் எடுத்திருக்கிறோம். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கால் உடைஞ்சதுக்குத்தானேப்பா கூட்டிட்டு வந்தோம்?"

பத்தொன்பதாம் நாள் சித்தப்பா இறந்தார். இறப்பு குறித்த தாளில் செப்சிஸ் என்றும், பல உறுப்புகள் செயலிழப்பு என்றும் எழுதியிருந்தது. மருந்துக்கு மசியாத கிருமியால் இறந்தார் என்று எந்த வரியிலும் இல்லை. இந்தச் சாவுகள் பெரும்பாலும் இப்படித்தான் வேறு பெயரில் பதிவாகின்றன. அதனாலேயே ஊரில் யாரும் அவற்றை எண்ணுவதில்லை. உலக அளவில் கணக்கெடுத்த ஆய்வாளர்கள், 2019-ம் ஆண்டில் மட்டும் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 12.7 இலட்சம் பேர் இறந்ததாகவும், அத்தகைய தொற்று உடலில் இருந்த நிலையில் இறந்தவர்கள் 49.5 இலட்சம் பேர் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். 2022-ல் லான்செட் இதழில் வந்த கணக்கு இது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர், "ரொம்ப மருந்து சாப்பிட்டு உடம்பு பழகிடுச்சு போல" என்றார்கள். நம்மில் பலர் நம்புவது இதைத்தான். அதனால்தான், "நான் ஆன்டிபயாட்டிக்கே போடுறதில்ல, எனக்கு ஒண்ணும் வராது" என்று நிம்மதியாக இருக்க முடிகிறது. பழகுவது உடம்பு இல்லை, கிருமி. வாழ்நாளில் ஒரு மாத்திரை போடாதவர் உடலிலும் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி புகலாம். வேறு யாரோ உடலில், வேறு எந்த ஊரிலோ அது தேறி வந்திருக்கும்.

கிருமி கற்றுக்கொண்டு தேறுவதும் இல்லை. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஏதோ ஒன்றிரண்டுக்கு, மருந்தை உடைக்கும் ஒரு நொதியோ, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் ஒரு பம்போ ஏற்கெனவே அமைந்திருக்கும். சாதாரண நாளில் அதனால் அதற்குப் பெரிய லாபமில்லை. நாம் மருந்து போட்டதும் மற்றவை சாகின்றன. வயல் முழுக்கப் பயிர் கருகி ஒரே ஒரு புல் தப்பித்தால், அந்த மண்ணும் நீரும் வெயிலும் அந்தப் புல்லுக்கே. வாய்ப்பான சூழலில் ஈ கோலை போன்ற பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகும். காலையில் தப்பித்த ஒன்று மாலைக்குள் ஒரு கூட்டம்.

அது இந்த எதிர்ப்பைத் தன் சந்ததிக்கு மட்டும் கொடுத்தால்கூடப் பரவாயில்லை. பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையத்தைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடுகிறது. ஜப்பானில் 1950-களில் சீதபேதிக் கிருமி ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளை எதிர்த்து நின்றது. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக அது மாறியிருக்க முடியாதே என்று தேடியபோதுதான், நான்கு எதிர்ப்புகளும் ஒரே கட்டாக ஒரு கிருமியிடமிருந்து இன்னொரு கிருமிக்குக் கைமாறுவது தெரிந்தது. குடலில் தொல்லையில்லாமல் வாழும் பாக்டீரியா, நோய் உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு ஆயுதம் கொடுக்க முடியும். கடையில் பார்த்த கொத்தனார் சளிக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக், அவர் குடலில் மசியாதவற்றைத் தேறவிடும் வேலையைத்தான் செய்கிறது. சளி வைரஸுக்கு அதனால் ஒரு கீறலும் இல்லை.

இந்த எதிர்ப்பு நம் மருந்துகளைவிட மிகப் பழையது. கனடாவின் வடமேற்கில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில் பென்சிலின் வகை மருந்துகளையும் டெட்ராசைக்கிளினையும் எதிர்க்கும் மரபணுக்கள் இருந்ததை 2011-ல் கண்டார்கள். மண்ணில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று கொல்லத் தயாரித்த பொருள்களைத்தான் நாம் மருந்தாக எடுத்துக்கொண்டோம். அவற்றுக்கு எதிரான கேடயமும் அதே மண்ணில் இருந்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலினைப் பிரித்தெடுத்த குழுவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் செயினும் எட்வர்ட் ஆபிரகாமும், பென்சிலினை அழிக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவில் இருப்பதாக 1940 டிசம்பரிலேயே எழுதிவிட்டார்கள். அந்தக் குழு தன் முதல் நோயாளியான ஒரு போலீஸ்காரருக்குப் பென்சிலின் ஏற்றியது 1941 பிப்ரவரியில். மருந்து மனித உடலைக் குணப்படுத்தத் தொடங்கும் முன்பே அதன் முறிவு அச்சில் வந்துவிட்டது. 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது அலெக்சாண்டர் ஃபிளெமிங், கடையில் யார் வேண்டுமானாலும் பென்சிலின் வாங்கும் காலம் வரும், அளவு குறைவாகப் போட்டுக் கிருமிகளை எதிர்க்கப் பழக்கிவிடுவார்கள் என்று எச்சரித்தார். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல நமக்கு வழியில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "கோர்ஸை முழுசா முடிக்கணும்" என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். காசநோய்க்கு அது உயிர்நாடியான உண்மை. மற்ற பல தொற்றுகளுக்கு முன்பு பத்து நாள் கொடுத்த மருந்தை ஐந்து நாள் கொடுத்தாலே போதும் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் நான் பார்த்த தவறை, அட்டையைப் பாதியாக வெட்டியதோடு நிறுத்திக்கொண்டால் விஷயம் தப்பிவிடும். வெட்டாமல் முழு அட்டையைக் கொடுத்திருந்தாலும் அது தேவையில்லாத மருந்துதான். தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு வேளையும் மசியாத கிருமிக்கு இடம் காலி செய்து கொடுக்கிறது.

பிரஷர் மாத்திரையை நான் தப்பாகப் போட்டால் கெடுவது என் உடம்பு. ஆன்டிபயாட்டிக் அப்படிப்பட்ட சொத்து இல்லை. ஏரித் தண்ணீரைப் போல ஊருக்குப் பொது. மேல்மடைக்காரன் தேவையில்லாமல் திறந்துவிட்டால் கடைமடை காய்கிறது. காய்ந்தவனுக்குத் திறந்தவன் யாரென்றே தெரியாது.

அந்தப் பத்தொன்பது நாளில் பெரும்பகுதியை நான் ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்று கழித்தேன். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கை தேய்க்கும் திரவம் ஒரு பாட்டிலில் தொங்கும். ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போகும் முன் அதை அழுத்தித் தேய்த்துக்கொள்ள வேண்டும். பகலில் சிஸ்டர்கள் அழுத்தினார்கள், பார்த்தேன். இரவு ஷிப்டில் நான்கு கட்டிலுக்கு ஒரு சிஸ்டர். ஒரு நாள் பின்னிரவில் இரண்டு கட்டிலில் ஒரே நேரத்தில் அலாரம் அடித்தது. சித்தப்பாவின் குழாயில் சளி உறிஞ்சிக்கொண்டிருந்த அந்தப் பெண் அப்படியே கையுறையோடு அடுத்த கட்டிலுக்கு ஓடினார். இருபத்தைந்து வயது இருக்கும். அங்கே ஓடாமல் கையுறையைக் கழற்றிப் புதிதாக மாட்டியிருந்தால், அந்த அரை நிமிடத்தில் அந்தக் கட்டிலில் ஒரு மூச்சு நின்றிருக்கலாம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு பேருக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டவர்கள் அந்த அறையில் இல்லை.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. பார்க்க அனுமதித்த பத்து நிமிடத்தில் சித்தி, சித்தப்பாவின் நெற்றியில் திருநீறு பூசினார். காலைத் தொட்டுக் கும்பிட்டார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார், வாயோரம் வழிந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பிறகு வெளியே வந்து, பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். என் கையில் செல்போன். ஐசியூக்களில் பேயாட்டம் போடும் அசினிடோபாக்டர் என்ற கிருமி உலர்ந்த கம்பியிலும் மேசையிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதை நான் பிற்பாடுதான் படித்தேன்.

மசியாத கிருமி ஆஸ்பத்திரியில் குடியேறுவதற்குக் காரணம் அங்கே எல்லாமே தோதாக இருப்பதுதான். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடல்கள் நெருக்கமாகக் கிடக்கின்றன. சிறுநீர்க் குழாய், கழுத்து ரத்தநாளத்தில் ஊசி, மூச்சுக் குழாய் என்று தோலின் காவலைத் தாண்டி உள்ளே போக வழிகள் திறந்திருக்கின்றன. ஒவ்வொரு உடலிலும் வலுவான ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருப்பதால் மற்ற கிருமிகள் செத்து இடம் காலியாக இருக்கிறது. கட்டிலிலிருந்து கட்டிலுக்குக் கொண்டுபோகக் கைகள் இருக்கின்றன. தொற்று வந்தால் மருந்தை ஏற்றிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் சிஸ்டர்களைக் குறைக்கிறோம், தண்ணீர்க் குழாயைப் பழுதாக விடுகிறோம், கட்டில்களை நெருக்கிப் போடுகிறோம். கழுவ வேண்டிய கைக்குப் பதிலாகவும் ஆன்டிபயாட்டிக்கையே நம்பியிருக்கிறோம்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 2016 செப்டம்பரில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண் இறந்தார். சில ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் இருந்தபோது தொடை எலும்பு முறிந்து இங்கே ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டவர். எலும்பிலும் இடுப்பிலும் தொற்று ஏற்பட்டு மீண்டும் மீண்டும் சிகிச்சை பெற்றவர். அவர் உடலில் இருந்ததும் கிளெப்சியெல்லாதான். அமெரிக்காவில் சோதித்துப் பார்க்க முடிந்த 26 ஆன்டிபயாட்டிக்கில் ஒன்றுக்கும் அது மசியவில்லை. அந்த அறிக்கையைப் படித்தபோது, தொடை எலும்பு என்ற சொல்லைத் தாண்டி வெகுநேரம் என்னால் போக முடியவில்லை.

அந்தக் கிருமியிடம் இருந்த நொதிக்கு நம் தலைநகரின் பெயர். புதுடெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் முதன்முதலாகப் பிடிபட்டதால், புதுடெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்டிஎம்-1 என்று பெயர் வைத்தார்கள். மெரோபெனம் இருக்கும் கார்பாபெனம் வகை முழுவதையும் அது உடைத்துவிடும். 2010-ல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரையின் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியுடையது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 நோயாளிகளின் மாதிரிகளில் இந்த மரபணு இருந்ததாக அது சொன்னது. இங்கே கோபம் பொங்கியது. பெயர் எப்படி வைக்கலாம், மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று நாடாளுமன்றம் வரை பேச்சு எழுந்தது. ஒரு நகரத்தின் பெயரைக் கிருமியின் தலையில் ஒட்டுவது நியாயமில்லைதான். அந்தக் கோபத்தில் ஒரு பங்காவது கிருமியின் மேல் திரும்பியிருக்கலாம் என்று இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

டெல்லியின் தண்ணீரைச் சோதித்த முடிவு அடுத்த ஆண்டே வந்தது. தெருவில் தேங்கிய, கசிந்த நீர் 171 மாதிரிகளில் 51-ல் அந்த மரபணு இருந்தது. குழாய்த் தண்ணீர் 50 மாதிரிகளில் 2-ல் இருந்தது. ஐசியூவின் கதவுக்குள் அடைபட்ட பிரச்சினையாக அதை நினைத்திருந்தோம். அது சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நகரம் கட்ட வேண்டிய கழிவுநீர்க் குழாயைக் கட்டாமல், வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டால், அந்த மாத்திரையும் அதிலிருந்து தப்பித்த கிருமியும் அதே திறந்த சாக்கடைக்குத்தான் வந்து சேரும்.

சாக்கடைக்கு மருந்து நேராகவே வந்து சேரும் இடமும் உண்டு. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் படான்செரு, மருந்துத் தொழிற்சாலைகள் அடர்ந்த பகுதி. அங்கே ஏறக்குறைய தொண்ணூறு ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியே வந்த நீரை ஸ்வீடனைச் சேர்ந்த யோவாகிம் லார்சனின் குழு சோதித்து 2007-ல் வெளியிட்டது. சுத்திகரித்த பின்னும் ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். மாத்திரை போட்டவரின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். உலகத்துக்கே மலிவு விலையில் மருந்து கொடுக்கிறோம் என்று நாம் பெருமைப்படும்போது, அந்த மலிவில் ஒரு பங்கை ஆற்றோரத்து ஊர்கள் கொடுத்திருக்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பிராய்லர் கோழிக்கும் இதே கதைதான். நோய் இல்லாத கோழி சீக்கிரம் எடை போடவும், நெருக்கடியான கொட்டகையில் நோய் வராமலிருக்கவும் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக். சித்தப்பாவுக்குக் கடைசி நம்பிக்கையாக ஏற்றிய அதே கொலிஸ்டின், கோழித் தீவனத்தில் கிலோக்கணக்கில் கலந்து போய்க்கொண்டிருந்தது. கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட் ஏறிப் பரவுகிறது என்று சீனாவிலிருந்து, பன்றிகளில் தொடங்கிய ஆய்வு வழியாக, 2015-ல் செய்தி வந்தது. இந்தியா கால்நடைக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது 2019 ஜூலையில். நல்ல முடிவு, நான்கு வருடம் பிந்திய முடிவு.

சட்டமும் இருக்கிறது. 2012-ல் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று ஒருங்கிணைக்க, நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு திட்டத்தை எழுதின. சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர். 2014 மார்ச் முதல் மருந்து விதிகளில் எச்-1 என்ற அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதில் முதலில் சேர்க்கப்பட்ட 46 மருந்துகளில் செஃபிக்சிம், மெரோபெனம் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் உண்டு. இவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எல்லா ஆன்டிபயாட்டிக்குக்கும் ஒரே அடியாக இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவரவில்லை. டாக்டரே எட்டிப்பார்க்காத கிராமத்தில் நிமோனியா வந்த குழந்தைக்கு, பக்கத்துக் கடையில் கிடைக்கும் அமாக்சிசிலின்தான் உயிர். ஆன்டிபயாட்டிக் கிடைக்காமல் சாகிறவர்களும் இதே நாட்டில் இருக்கிறார்கள். கடையை இழுத்துப் பூட்டச் சொல்கிறவர்கள் அந்தக் குழந்தையின் வீட்டுக்கு ஒரு டாக்டரையும் அனுப்ப வேண்டும்.

புதிய மருந்து வந்து காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் 1959-ல் வந்தது. அதை எதிர்க்கும் ஸ்டேஃபைலோகாக்கஸ் பாக்டீரியா 1961-லேயே பிரிட்டனில் பதிவாகிவிட்டது. இப்போது புதிய மருந்து கண்டுபிடிப்பதே குறைந்துவிட்டது. நல்ல புது ஆன்டிபயாட்டிக்கை டாக்டர்கள் பூட்டிவைத்துக் கடைசி நேரத்தில்தான் எடுப்பார்கள். அதிகம் விற்கக் கூடாத சரக்கை எந்தக் கம்பெனி செய்யும்? அக்கேயோஜென் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிளாசோமைசினுக்கு 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் அந்த நிறுவனம் திவாலானது. சென்னையில் ஆர்க்கிட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம், செஃபெபிம் மருந்துக்குத் துணையாகச் சேர்க்கப்பட்டு 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. நம் ஊர் ஆய்வாளர்களின் சாதனை, மனம் நிறைகிறது. ஆனால் என்டிஎம் நொதியை அதுவும் தடுக்காது.

எனக்கு ஓரளவு தெம்பு தருவது சென்னை சேத்துப்பட்டில் நடந்த பழைய வேலை. அதற்கு ஒரு முன்கதை உண்டு. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதில், 1947-ல் பிரிட்டனில் 107 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரே இறந்தார்கள்; படுக்கையில் ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவில் 32 பேரும் இரண்டாம் பிரிவில் 35 பேரும் இறந்திருந்தார்கள். ஒற்றை மருந்தைக் கிருமி தோற்கடித்துவிட்டது. அதிலிருந்து காசநோய்க்கு ஒரு மருந்தை மட்டும் கொடுப்பதில்லை என்று உலகம் முடிவெடுத்தது. அடுத்த கேள்வி: ஏழை நாட்டில் ஒரு வருடம் முழுக்க இரண்டு மருந்தை நோயாளி விடாமல் சாப்பிடுவாரா? 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை. நெரிசலான குடிசையிலும் ஒண்டுக் குடித்தனத்திலும் இருந்தவர்களை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள்; இன்னொரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்துகள்தான். அந்த மருந்தோடு வீடு தேடி வரும் ஆள் ஒருவரும் இருந்தார். சொல்லாமல் கதவைத் தட்டி, மாத்திரையை எண்ணி, சாப்பிட்டாரா என்று சிறுநீரைச் சோதித்து, ஏன் விட்டீர்கள் என்று உட்கார்ந்து கேட்ட ஊழியர்கள். அந்த ஆளின் இடத்தில்தான் இன்று ஒரு கூடுதல் மாத்திரையை வைத்திருக்கிறோம்.

சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அலமாரியை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே வெட்டிய அட்டைத் துண்டுகள். பதினொன்று எண்ணினேன். "சிப்ரோ" என்று தொடங்கி அறுந்த ஒன்று. "மைசின்" என்று மட்டும் மிஞ்சிய இரண்டு. தேதியே இல்லாத சில. அவருக்கு மழைக்காலமானால் சளி பிடிக்கும். போன் பண்ணுவார்; நான் கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "ரெண்டு நாள் போட்டுப் பாருங்க சித்தப்பா, சரியாயிட்டா மிச்சத்தை வச்சுக்குங்க, அடுத்த தடவைக்கு ஆகும்" என்று சொன்ன வாய் என்னுடையதுதான். அவரைக் கொன்ற கிருமி இந்தத் துண்டுகளால் வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. வரவில்லை என்றும் முடியாது.

டப்பாவை எங்கே போடுவது என்று தெரியவில்லை. குப்பையில் போட்டால் கிடங்கில் மழை பெய்து மண்ணுக்குள் இறங்கும். கழிப்பறையில் கொட்டினால் ஆற்றுக்குப் போகும். தெருமுனை மெடிக்கலுக்கே எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து இரண்டு மூன்று துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"வெட்டினது கம்பெனிக்குத் திரும்பப் போகாது சார்" என்றார்.

பிறகு ஒரு துண்டின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவினார். பிசிறு தட்டுப்பட்டது. மேசை மேல் கிடந்த கத்தரியைப் பார்த்தார்.

"இது நம்ம கடையில வெட்டினதுதான்."

நான் தலையசைத்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, பாப்பாவுக்குச் சளி. போன வாட்டி குடுத்தீங்களே, அதே குடுங்க."

கடைக்காரர் உடனே டப்பாப் பக்கம் திரும்பவில்லை. "எத்தனை நாளாம்மா? காய்ச்சல் இருக்கா? மூச்சு வாங்குதா?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையின் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்.